ஹார்பர் வெங்காயம்

அம்மாவின் கையில் கடப்பாரை. நைனாவின் தோளில் ஈரத் துண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பூ.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையை நினைத்தால் முதலில் இதுதான் கண்ணில் வந்து நிற்கிறது. நைனா அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டதும் பிழிந்த துண்டை உதறக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து செடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நவுருய்யா."

"மாட்டேன்."

"நாளான்னிக்குப் பொண்ணு பாக்க வராங்கோ. இத்த வூட்ல வெச்சிகினு அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவங்க பூவப் பாக்கவா வராங்கோ? பொண்ணப் பாக்கத்தானே வராங்கோ."

"சுடுகாட்டுப் பூய்யா அது!"

அவர்கள் பார்க்க வரவிருந்த பொண்ணு நான்தான். வாயில் பல்பொடியோடு கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூவின் கட்சி என்றுதான் சொல்லியிருப்பேன். பூ அழகு என்பதற்காக இல்லை. அம்மா எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்க்கட்சியில் நிற்பது அந்த வயதில் எனக்கு ஒரு தொழிலாகவே இருந்தது.

கடைசியில் நைனாதான் ஒரு வழி சொன்னார். "இன்னா பூன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லட்டும். சுடுகாட்டுப் பூன்னு சொல்லிட்டாங்கன்னா நானே புடுங்கிப் போடறேன். அதுவரிக்கும் கை வெக்காதமே."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பூவுக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடப்பாரை. ஆனி மாதம் முடியப் போகிறது, ஆடி பிறந்துவிட்டால் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

பம்பாய் வெங்காயம்

இராயபுரத்தில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஒரு பாயை விரித்தால் மிச்சம் கொஞ்சம் இருக்கும் கொல்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிகள் ஊர்ந்து போகும். உலர்த்திய வெள்ளைத் துணி சாயங்காலம் எடுக்கும்போது வெள்ளையாக இருக்காது. மண்ணோ கடல் மண். முருங்கைக் கிளை நட்டால்கூட நோஞ்சானாகத்தான் வளரும்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாங்கள் துறைமுகம் என்று சொன்னதே இல்லை, ஹார்பர்தான். மூட்டை தூக்கும்போது ஏதாவது ஒன்று கிழியும். விழுந்ததைப் பொறுக்குவது திருட்டில்லை என்பது ஹார்பர்க்காரர்களின் எழுதாத சட்டம். அரிசி விழுந்தால் அரிசி, மிளகாய் விழுந்தால் மிளகாய். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ரேஷனில் கிடைத்ததை வைத்து மட்டும் யாரும் வயிறு நிறைந்து தூங்கியதில்லை. அதிகம் விழுந்தது வெங்காயம். கொழும்புக்குப் போகிற வெங்காயத்தில் கொஞ்சம் எங்கள் தெருவிலேயே இறங்கிவிடும்.

முளைவிட்ட வெங்காயத்தை அம்மா தூக்கிப் போடமாட்டாள். துவைக்கிற கல்லைச் சுற்றி வரிசையாக நட்டு வைப்பாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் போகும் என்பதால் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. பச்சைத் தாளைக் கிள்ளிக் குழம்பில் போட்டால் அதற்கென்று ஒரு ருசி.

சண்டை முடிகிற சமயத்தில் ஒருநாள் நைனா துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு கிழங்கை எடுத்து வைத்தார். வெங்காயம் போலத்தான் இருந்தது, ஆனால் பெரியது. அடியில் வேரெல்லாம் அப்படியே இருந்தது. மண்கூட ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இம்மாம் பெரிய வெங்காயமா?" என்றாள் அம்மா.

"பம்பாய் வெங்காயம். ஹார்பர்ல மூட்டை கியிஞ்சி வுயுந்தது. நடு."

அம்மா நடுவதற்குள் அவரே நட்டுவிட்டார். கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக. என் நைனா அதற்கு முன்னும் பின்னும் ஒரு செடி நட்டு நான் பார்த்ததில்லை.

கருவாட்டுக் குழம்பு

மற்ற வெங்காயமெல்லாம் தாள் விட்டுத் தீர்ந்துபோயின. இது மட்டும் நைனாவின் இடுப்பு பெல்ட் அகலத்துக்கு இலை விட்டது. அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாசனை துளியும் இல்லை. "பம்பாய்க்காரன் வெங்காயம் எப்பிடி மணக்குமோ, யார் கண்டா?" என்று சொல்லிக்கொண்டே பொடியாக நறுக்கிக் கருவாட்டுக் குழம்பில் போட்டுவிட்டாள்.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நாக்கு நமநமவென்று அரித்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். வேலை முடிந்து வந்த நைனா, வெட்டுப்பட்ட இலையைக் கொல்லையில் பார்த்துவிட்டு வந்து சட்டியைத் தூக்கினார். சட்டியோடு குழம்பும் கருவாடும் சாக்கடைக்குப் போயின. குரலே உயர்த்தாத மனிதர் அன்று கத்தினார்: "அத்தப் போயி துண்ணுவியா? உனுக்கு அறிவுகீதா?"

விஷமாகிவிடுமோ என்று பயந்துவிட்டார் என்று நினைத்தோம். அம்மா கருவாட்டுக்காக ஒரு வாரம் புலம்பினாள். அதோடு செடியின் கதை முடிந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் அதன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கோடையில் இலை காயும், மழைக்குத் துளிர்க்கும். வருஷங்கள் போயின. ஆகஸ்டு மாதத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்தேன். செடி பூக்கவில்லை.

நைனா மட்டும் தினம் வேலைக்குப் போகுமுன் அங்கே போய் நிற்பார். பீடி குடிக்கத்தான் போகிறார் என்பது எங்கள் எண்ணம்.

பெயரில்லாத பூ

அந்த ஆனி மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு மழை. மறுநாள் பார்த்தால் மண்ணிலிருந்து விரல் பருமனுக்கு ஒரு தண்டு. நாலைந்து நாளில் முழங்கால் உயரத்துக்கு வந்து, உச்சியில் கொத்தாகப் பூ வெடித்தது. ஒவ்வொன்றும் புனல் மாதிரி. வெள்ளை. நடுவில் குங்குமத்தை விரலால் இழுத்துவிட்டது போல ஒரு சிவப்புக் கோடு. பகலில் சும்மா இருந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரம் மணக்க ஆரம்பிக்கும். காசிமேட்டுக் கருவாட்டு வாசனையையும் மீறிக்கொண்டு ஒரு வாசனை எங்கள் தெருவில் வீசியது என்றால் அது அன்றைக்குத்தான்.

தெருவே வந்து பார்த்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னா பூ இது?"

விளையாட்டுக் கேள்வி இல்லை அது. எங்கள் பக்கத்தில் பெயர் தெரியாத பூவைத் தலையில் வைக்கமாட்டார்கள், சாமி படத்துக்கும் போடமாட்டார்கள். எது எந்த வேளைக்கு ஆன பூவென்று தெரியாமல் வைத்துவிட்டால் வினை. சம்பங்கி என்றாள் ஒருத்தி. தாழம்பூவுக்குச் சொந்தம் என்றாள் இன்னொருத்தி. யாருக்கும் நிச்சயமில்லை.

நிச்சயமாகச் சொன்னவள் பாக்கியம் அக்காதான். குப்பத்திலிருந்து மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்பவள். எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஊர்வம்பையும் இறக்கிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவாள். கொல்லைக்கு வந்து பூவைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"தே, இது மூலக்கொத்தளத்துப் பூவாச்சே! பேசின் பிரிட்ஜி பக்கம் கூடைய எடுத்துகினு போசொல்ல அந்த இடிஞ்ச சொவுரு வழியாப் பாத்துக்கீறேன். பொதைச்ச இடத்துலல்லாம் இதான் பூத்துகினு கீது. இத்தப் போயி வூட்ல வெச்சிகினுகீறியே!"

அம்மா பிடித்திருந்த சொம்பு கீழே விழுந்தது.

மூலக்கொத்தளம் சுடுகாட்டின் பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்கமாட்டோம். எனக்கு ஒரு தம்பி இருந்தான். குமரேசன். பத்திரிகைக்கு எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை அவனைப் பற்றி நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வரவில்லை, அதுதான் காரணம். ரயில் என்றால் அவனுக்கு உயிர். நைனா அவனைக் கொல்லைச் சுவரின் மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்வார். இஞ்சின் வரும்போது அதோடு சேர்ந்து கூவுவான். கடைசிப் பெட்டி போனதும் அழுவான். அடுத்த வண்டி வரும்வரை அவனைச் சுவரிலிருந்து இறக்கமுடியாது. மூன்று வயதில், சண்டைக் காலத்தில், வாந்திபேதி வந்து இரண்டே நாளில் போய்விட்டான்.

சின்னப் பிள்ளை என்பதால் மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக்கூடாது. நைனா அவனைக் கையில் ஏந்திக்கொண்டு போனதைத் தெருமுனையில் நின்று பார்த்ததோடு சரி. "எங்கய்யா வெச்சே எம்புள்ளைய? எந்தப் பக்கம்?" என்று அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா சொல்வார், அந்த மரத்துக்கு இந்தப் பக்கம், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்று. பார்க்காத இடத்துக்கு எப்படி வழி சொன்னால்தான் என்ன? பிறகு ஒருநாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அங்கே போய்வருகிற ஆண்கள்கூடத் தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரமாட்டார்கள். அங்கிருந்து ஒரு துரும்பும் வீடு வரக்கூடாது. அப்படியிருக்க, அங்கே பூக்கிற பூ நம் வீட்டில் பூத்தால் அம்மா கடப்பாரையைத் தேடாமல் என்ன செய்வாள்? ஒரு பிள்ளையை அங்கே கொடுத்தாகிவிட்டது. இன்னொன்றைக் கட்டிக்கொடுக்கப் போகிற வீடு.

காதர் பாயின் தீர்ப்பு

"வெங்காயத்தோட வந்ததுன்னா வெங்காயக்காரருக்குத் தெரியாதா?" என்று யோசனை சொன்னவளும் அம்மாதான். அடுத்த தெரு காதர் பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் வெங்காய மண்டி. சனிக்கிழமை காலை அவர் மண்டிக்குப் போகிற வழியில் மடக்கிக் கூட்டிவந்தேன்.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டினார். குந்தி உட்கார்ந்து மண்ணை லேசாக விலக்கி, கிழங்கின் கழுத்துத் தோலை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். அவர் முகத்தை நாங்கள் மூன்று பேரும் ஜட்ஜு முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி, எங்க வாப்பா காலத்துலேர்ந்து வெங்காயம்தான் பாக்குறோம். பெல்லாரி பாத்துகீறேன், பம்பாய் பாத்துகீறேன். இது வெங்காயம் இல்ல. வெங்காய மூட்டையில இந்த மாதிரி ஒண்ணு வந்து நான் பாத்ததே இல்ல." நைனா பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, எந்தக் கப்பல்ல வந்தது இது?"

"யாருக்கு ஞாபகம் கீது பாய்? சண்ட டயம்."

"எந்தப் பக்கத்துக் கப்பலு?"

"அதான் ஞாபகம் இல்லன்றேனே."

நைனாவுக்கு எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு வந்தது, எந்தக் கப்பலில் சமையல்காரனுக்கு ஒரு கண் இல்லை என்பதுவரை ஞாபகம் இருக்கும். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ சீமைச் சரக்குதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

சீமைச் சரக்கு என்றதும் அம்மா கொஞ்சம் இறங்கிவந்தாள். ஆனால் பெயர் இன்னும் தெரியவில்லையே. கடைசியில் கடப்பாரையும் இல்லாமல் பூவும் தெரியாமல் ஒரு ஏற்பாடு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழியைக் கவிழ்க்கிற பெரிய மூங்கில் கூடையைக் கொண்டுவந்து அம்மா பூவின் மேல் கவிழ்த்தாள். இடுக்குத் தெரியாமல் ஒரு கோணியையும் போர்த்தினாள். கோழியை எதில் அடைப்பது என்று நான் கேட்டதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

அடைக்கோழி

மாப்பிள்ளை, கும்மிடிப்பூண்டிப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அவர் பெயரை எழுத இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது, 'அவர்' என்றே இருக்கட்டும். அவரும் அவருடைய அம்மாவும் ஒரு மாமாவும் வந்திருந்தார்கள். நான் தலைகுனிந்து காபி கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்புப் பட்டை பதிந்த பாதத்தை மட்டும் பார்த்தேன். நல்ல சுத்தமான நகங்கள். அதுவே எனக்குப் பாதி சம்மதம்.

பஜ்ஜி தின்ற கையைக் கழுவ நைனா அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். சாயங்காலம் ஆகிவிட்டது. கோணி போட்டு மூடினால் வாசனை கேட்குமா?

"அந்தக் கூடையில என்னங்க?" என்று அவர் கேட்பது எனக்கு உள்ளே கேட்டது. அம்மா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். நானும் சமையல்கட்டு ஜன்னலுக்குப் போனேன்.

"அதுங்களா? அது... அடைக்கோழி" என்றாள் அம்மா. நாக்கு தடுமாறியது.

"அடைக்கோழி இவ்வளவு வாசனையாவா இருக்கும்?"

நைனா சிரித்துவிட்டார். அம்மாவின் முறைப்பை மீறிக் கூடையைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை கை கழுவுவதை மறந்து செடிக்கு முன்னால் குந்திவிட்டார்.

"அட, லில்லி! எங்க ஸ்டேஷன்ல ஒரு வரிசையே வெச்சிருக்கோம். வருஷா வருஷம் பெரிய துரை டிராலியில வந்து எந்த ஸ்டேஷன் தோட்டம் அழகுன்னு பாத்துப் பரிசு கொடுப்பாரு. இந்தப் பூவாலதான் எங்களுக்கு ஒருதடவை கிடைச்சுது. இதுக்குக் கிரைனம்னு பேருன்னு எங்க பெரிய மாஸ்டர் சொல்வாரு. எங்க வெச்சாலும் வரும்ங்க. தோட்டத்துலயும் வைப்பாங்க, கோயில் பக்கமும் வைப்பாங்க, கல்லறைப் பக்கமும் வைப்பாங்க. செடிக்கு என்ன தெரியும்?"

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. ஒரு உதவி ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியாகிவிட்டது, லில்லி. பெயர் வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே நின்றிருக்கும்.

"கிழங்கு எங்கங்க கெடைச்சுது?" என்றார் அவர்.

"ஹார்பர்ல. வெங்காய மூட்டை கியிஞ்சி..."

"இருக்காதுங்க. இதுக்குக் கழுத்து நீளம், முழங்கை ஆழத்துக்கு உள்ள போயிடும். சுத்தி நிதானமாத் தோண்டினாத்தான் வேரோட வரும். மூட்டையில வர்ற சாமான் இல்ல இது. யாரோ ஆசையாத் தோண்டி எடுத்திருக்காங்க."

நைனா சொம்பை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். அம்மா நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமாட்டில்

பெண் பிடித்திருக்கிறது, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். வேறு வீடாக இருந்தால் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்திருப்பாள். அம்மா நேராகக் கொல்லைக்குப் போனாள். நைனா செடிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பற்றவைக்காத பீடி விரலில் இருந்தது. நான் கதவோரமாக நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

"யோவ், நெஜத்தச் சொல்லு. எங்கேந்து எடுத்தாந்தே?"

சரக்கு வண்டி ஒன்று முழுசாகப் போய்முடிந்தது.

"பாக்கியம் சொன்னது சரிதாம்மே."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்குக் குழி வெட்டசொல்ல இந்தக் கெயங்கு ஒண்ணு மண்ணோட மேல வந்துச்சி. வெட்டுனவரு அத்த அடையாளத்துக்குன்னு தலைமாட்ல சொருவி வெச்சாரு. அப்புறம் ஒரு நாளு மய உட்டதும் போனேன். மேடெல்லாம் கரைஞ்சி ஒரே சமமாக் கெடக்குது. எது எம்புள்ளதுன்னே தெர்ல. சுத்திச் சுத்தி வந்தேன். பாத்தா இது மட்டும் மொளச்சி நிக்குது. இத்த வெச்சித்தான் அவன் எடத்தக் கண்டுபுடிச்சேன்."

நைனா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ கேட்டுகினே இருந்தே, எங்க வெச்சே, எங்க வெச்சேன்னு. உன்ன அங்க இட்டுகினு போவ முடியாது. அதுல ரெண்டா மொளச்சிருந்திச்சி. ஒண்ண அங்கியே வுட்டுட்டு ஒண்ணத் தோண்டி எடுத்தாந்தேன். சொன்னா வூட்டுக்குள்ள வுட்ருப்பியா? அதான் வெங்காயம்னேன்."

இப்போது அம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தீட்டு என்று வீட்டையே கழுவிவிடுவாள் என்று பயந்தேன். அம்மா செடியைப் பார்த்தாள். துவைக்கிற கல்லைப் பார்த்தாள். கல்லிலிருந்து செடிவரைக்கும் மண்ணில் அறுத்துக்கொண்டு போயிருந்த அந்தத் தண்ணீர்த் தடத்தைப் பார்த்தாள்.

"எச்சித் தண்ணிய ஊத்தினேனேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தினி வருசமா எம்புள்ளைக்கு எச்சித் தண்ணிய ஊத்தினேனே! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அழுதுகொண்டே மண்ணை வாரித் தடத்தை அடைத்தாள். உள்ளே போய், தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடித்துவைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்தாள். எங்களைக்கூட அளந்துதான் குடிக்கவிடுவாள். அந்தக் குடத்தை வேரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். நைனா எழுந்து வந்து குடத்தின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தம்பியின் முகம் அதற்குள் மங்கிவிட்டிருந்தது. கூவுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் பாக்கியம் அக்கா கூடையை இறக்கினாள். "இன்னாம்மே, அந்தப் பூவப் புடுங்கிட்டியா?"

"லில்லிக்கா அது. மாப்ள சொன்னாரு. ரயில்வேல வெக்கிறது" என்றாள் அம்மா.

"ரயில்வேலயா? அப்ப செரி." அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. ஒண்ணு குடேன், கொண்டையில வெச்சிகினு போறேன்."

"ஐய, அத்தப் பறிக்கக் கூடாது" என்று அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டாள். வெள்ளிக்கிழமை நைனா நின்ற அதே இடத்தில்.

சீர்

ஆவணியில் கல்யாணம். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்ற வந்தார்கள். பாத்திர மூட்டை, படுக்கை, டிரங்குப் பெட்டி எல்லாம் ஏறியான பிறகு, அம்மா இடுப்பிலிருந்து ஒரு துண்டு முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தாள். நைனாவின் துண்டு. உள்ளே கனமாக, ஈரமாக ஏதோ இருந்தது. தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கை ஆழத்துக்கு நிதானமாகத் தோண்டி, தாய்க்கிழங்கிலிருந்து பிரித்த குட்டிக் கிழங்கு.

எதிரே உட்கார்ந்திருந்த என் மாமியாருக்குக் கண் கூர்மை. "அது என்ன முடிச்சு சம்மந்தி?"

எங்கிருந்து வந்த கிழங்கு என்று தெரிந்தால் அந்த அம்மாள் ரயிலிலிருந்தே வெளியே எறிந்துவிடுவாள். ஆனால் அடைக்கோழி என்று சொல்லும்போது தடுமாறிய அம்மாவின் நாக்கு இப்போது தடுமாறவில்லை.

"வெங்காயம் சம்மந்தியம்மா. ஹார்பர்ல மூட்டை கியிஞ்சி வுயுந்தது. பம்பாய் வெங்காயம்."

"வெங்காயத்தையா பொண்ணுக்குச் சீராக் கொடுக்கிறது?"

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு அது என்ன கிழங்கு என்று தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவர் துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிளாட்பாரத்துத் தூணுக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்தார்.

"நல்ல வெங்காயம்தாம்மா" என்றார். "நான் பாத்திருக்கேன்."

கட்டிய தாலியைவிட அந்த ஒரு பொய்தான் என்னை அவரோடு கட்டிப்போட்டது என்று பிற்பாடு அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் தலையை இழுத்து, காதில் வாயை வைத்தாள். புகுந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"அங்க போயி ரயிலு தெரியற மாரி நடும்மா" என்றாள்.

அவருடைய ஸ்டேஷன் பிளாட்பாரத்தை ஒட்டி, வண்டி நிற்கிற இடத்துக்கு நேராக நட்டேன்.